அவள் சொன்னதை நான் எழுத மாட்டேன்

1

இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரமாக என் சித்தி மகள் தன் அம்மாவிடம் பேசவில்லை. வயது பதினான்கு. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

ஆனால் இந்தக் கதை ஒரு பத்திரிகை ஆசிரியரிடமிருந்து தொடங்கியது. “பதின்பருவப் பெண்களோட மனவளர்ச்சி பத்தி ஒரு கதை கொடும்மா. உயிரியல் படிச்சவதானே நீ? முடிவுல பொண்ணு திருந்தணும்” என்றார். சரி சார் என்றேன். எனக்கு மறுத்துப் பேச வராது. எழுதத்தான் வரும்.

2

முதல் தொடக்கம்: அவளுடைய மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இன்னும் பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் அவள் கதவை அறைந்து

(வேண்டாம். முதிர்ந்த மூளைகள் அந்த வீட்டில் இரண்டு இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இவளுடையதை மட்டும் அறுத்துப் பார்ப்பது அறிவியல் இல்லை.)

3

இரண்டாவது தொடக்கம், சமையலறையில்.

“வயசுக் கோளாறு” என்றாள் சித்தி. மருந்துக்கடையில் வேலை. மகளுக்கு இரும்புச்சத்து டானிக் வாங்கி வந்திருந்தாள்.*

“ஹார்மோன்” என்றார் சித்தப்பா, தட்டிலிருந்து தலை தூக்காமல். “நீதான் படிச்சிருக்கியே, சொல்லு.”

“அவ கோவமா இருக்கா சித்தப்பா.”

“அதத்தான் நானும் சொல்றேன். ஹார்மோன்.”

* கோபம் சத்துக் குறைவால் வருவதில்லை. என் இரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது.

4

ஆசிரியருக்குப் பிடிக்கும் முடிவு: மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள்.

சித்தி மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டாள்.

“நான் எதுக்குக்கா மன்னிப்பு கேக்கணும்?”

“கதையிலதானே.”

“கதையிலயும் நானா?”

அந்த வரியை அடித்தேன். அம்மா மன்னிப்புக் கேட்பதாக எழுதிப் பார்த்தேன். சித்தியின் வாயில் அந்தச் சொல் ஒட்டவேயில்லை.

“விடுக்கா. இனிமே அம்மாகிட்ட எதுவும் சொல்றதா இல்ல. எது நடந்தாலும்.”

அந்த ‘எது நடந்தாலும்’தான் எனக்குப் பயம். பதினான்கு வயதில் எதுவும் நடக்கலாம்.

5

அப்படி என்னதான் நடந்தது என்கிறீர்கள். ஒரு மாலை அவள் அம்மாவிடம் ஒன்றைச் சொன்னாள். அது என்னவென்று எழுத மாட்டேன். அதில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அம்மா செய்தது ஒன்று இருக்கிறது. அதையாவது எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன்.

“வேணாம். நானே சொல்றேன்” என்று எழுந்து போனாள்.

சித்தியின் பதில் இந்தக் கதையில் இல்லை. வீட்டில் பதினான்கு வயதுப் பெண் இருப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். சமையலறை வாசலில் நின்று அவள் பேசி முடிக்கும் இடத்தில் நான் நிறுத்துகிறேன்.

“உன்கிட்ட மட்டும்னு சொல்லித்தானேம்மா சொன்னேன். நீ அத குடும்ப குரூப்ல போட்ட. முப்பத்தெட்டு பேர். எல்லாரும் சிரிச்சாங்க. முதல்ல சிரிக்கிற பொம்மை போட்டது அப்பா.”