சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்த பந்து

பந்து மறுபடியும் அன்னத்தாயின் புறவாசலில், கறிவேப்பிலை மரத்தடியில் வந்து விழுந்தது. போன மாதம் வரை இந்தப் பந்தால் அவளுக்குத் தீராத தலைவலி. விழுந்த மறு நிமிஷம் நாலு பையன்கள் சுவரேறிக் குதிப்பார்கள். "செடிய மிதிக்காதீங்கலே, கட்டையில போவானுவளா!" என்று கத்துவாள். இன்றைக்குச் சுவருக்கு மேலே ஒரு தலைகூட எட்டிப் பார்க்கவில்லை.

எல்லாம் அந்தக் கூட்டத்தால் வந்த வினை. தொண்ணூற்றேழு, ஆடி மாசம். பாளையங்கோட்டையில் அவர்கள் தெருக் கோயில் கமிட்டி, சர்ச், ஜமாத் மூன்றும் சேர்ந்து எய்ட்ஸ் பற்றிக் கூட்டம் போட்டன. பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், வீட்டுக்குப் போய் அவர்களிடம் மனசு விட்டுப் பேச வேண்டும். அதுதான் ஏற்பாடு. அன்னத்தாயின் மூத்தவன் சுந்தர் பம்பாயிலிருந்து வந்து செத்தது மஞ்சள்காமாலையால் என்றுதான் அவன் தம்பி உட்பட எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூட வந்த ரெனிஷா டீச்சருக்கு மட்டும் உண்மை தெரியும். கூட்டத்தை நடத்தியதும் அவள்தான்.

"நீங்க பேசுங்கக்கா. பெத்தவ சொன்னாத்தான் ஏறும்."

அன்னத்தாய் சம்மதித்தது ஊருக்காக ஒன்றுமில்லை. இளையவன் கணேஷ்ராமுக்குப் பதினேழு வயசு. அண்ணனைப் போல பம்பாய்க்குப் போவேன் என்று நின்றான். அவன் முகத்தைப் பார்த்து இந்தப் பேச்சை எடுக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. "சாப்டியாலே" என்பதைத் தாண்டி வளர்ந்த பிள்ளையிடம் அவள் என்ன பேசியிருக்கிறாள்? மைக்கில் ஊருக்குச் சொல்வதுபோல அவனுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள், பாவி மகள். அவனை முன் வரிசையில் உட்காரவைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கணேஷ்ராம் பாதியில் எழுந்து போய்விட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, கூட்டத்துக்குப் பலன் இருந்தது. அன்றைக்கே எல்லா வீட்டிலும் பிள்ளைகளிடம் பேசினார்கள். "அந்த வீட்டுப் பக்கம் போவாத, அவன்கூட விளையாடாத" என்று பேசினார்கள். தொட்டால் ஒட்டாது, கணேஷ்ராமுக்கு ஒன்றுமில்லை என்று ரெனிஷா வீடு வீடாகப் படி ஏறி இறங்கினாள். "தெரியும் டீச்சர், எதுக்கு வம்பு?" என்று காபி கொடுத்து அனுப்பினார்கள்.

கணேஷ்ராம் புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தான். பத்து நாளாக அவளிடம் அவன் வாய் திறக்கவில்லை.

"பந்த எடுத்துப் போடுலே. தேடுவானுவ."

"நேத்தும் போட்டேன். சாக்கடையில தள்ளிட்டு வேற வாங்கிட்டானுவ." அவன் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்னட்ட வீட்ல வச்சே சொல்லியிருக்கலாம்லாம்மா?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. அன்னத்தாய் வாயைத் திறந்தாள்.

"சாப்டியாலே?" என்றுதான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம், புதுப் பந்து மட்டையில் படும் சத்தம் கேட்டது.