லோரெட்டா வீட்டு அடுப்படியில் ஊர் போர்டு கூட்டம்

கட்டின புருஷனோடு பேசுவதற்கு எவளாவது நோட்டீஸ் ஒட்டுவாளா? லோரெட்டா நைகார்ட் ஒட்டினாள். அதுவும் ஊர் மன்றக் கதவில், தீவனக் கடையில், பீர் கடையில் என்று மூன்று இடத்தில்.

விஷயம் இதுதான். எல்க் ஹாலோ ஊர் போர்டில் மொத்தமே மூன்று பேர். தலைவி லோரெட்டா. அவள் புருஷன் ஆர்னி ஒரு உறுப்பினர். இன்னொருவர் டுவெய்ன் க்ரூகர் என்ற கிழவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலச் சட்டப்படி போர்டில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஊர் விவகாரம் பேசினால் அது கூட்டம். ஒரு நாள் முன்னதாக நோட்டீஸ் ஒட்ட வேண்டும், கேட்க வருகிறவர்களை உள்ளே விட வேண்டும். மூன்றில் இரண்டு பேர் என்றால் பாதிக்கு மேல்தானே? ஆக, புருஷனும் பெண்டாட்டியும் கட்டிலில் படுத்துக்கொண்டு ரோட்டுப் பள்ளத்தைப் பற்றிப் பேசினாலும் குற்றம். அப்புறம் எதற்கு ரெண்டு பேரும் ஒரே போர்டில் என்று கேட்காதீர்கள். வேறு எவன் நிற்கிறான்?

போன நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில், "ஊர்ப் பனி தள்ற வண்டிக்கு பிளேடு மாத்தணும்" என்று ஆர்னி வாய் தவறிச் சொல்லிவிட்டான். அடுத்த மேசையில் இருந்த டுவெய்ன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாவட்ட வக்கீலுக்குப் போன் போட்டார். மனுஷனுக்கு அப்படி ஒரு பாம்புச் செவி. அன்றிலிருந்து நைகார்ட் வீட்டில் மாடு, பனி, ஏழு வயது மகள் அன்னிகா, இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஆனால் இந்தக் குளிர்காலத்தில் லோரெட்டாவுக்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்க் ஹாலோ பள்ளிக்கூடத்தை ஜூன் மாதம் இழுத்து மூடப் போகிறார்கள். மாநில அரசு தரும் பணம் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகிறது. மூடிவிட்டால் அன்னிகா விடியும் முன்னே பஸ் ஏறி, ஒரு மணி நேரம் பனியில் குலுங்கி, மார்ஷ்டனுக்குப் போய்ப் படிக்க வேண்டும். கடைசியாக ஒரே ஒரு வழி இருந்தது. தொகுதி எம்.எல்.ஏ. சொல்லியிருந்தார்: "என் தொகுதியில இருக்கிற ஏழு ஊர் போர்டும் பணம் கேட்டுத் தீர்மானம் போட்டு அனுப்புங்க, நான் நிதிக் கமிட்டியில சண்டை போடுறேன். ஒரு ஊர் குறைஞ்சாலும் என் பேச்சு எடுபடாது." ஆறு ஊர் போட்டுவிட்டது. ஏழாவது எல்க் ஹாலோ. டுவெய்ன் எதிர்ப்பார் என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் முடிவு ஆர்னி கையில். ஆர்னி மனசில் என்ன இருக்கிறது? அது அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

"அடுத்த வருஷம் குழந்தை இருட்டுல பஸ் ஏறணும் போல" என்று ஒரு நாள் மெதுவாக நூல் விட்டுப் பார்த்தாள்.

"லோரி, இது கூட்டமாயிடும்" என்றான் ஆர்னி.

அவள் கையிலிருந்த பிடிதுணி பறந்தது. "அடப்பாவி மனுஷா! சரி, கூட்டமாவே இருக்கட்டும்!"

உடனே ஊர் எழுத்தர் ஷெர்ரிக்குப் போன் போட்டாள்.

"அடுப்படியிலயா?" என்றாள் ஷெர்ரி. "சட்டம் தடுக்கல. கதவு திறந்திருக்கணும், வர்றவங்களுக்கு உட்கார இடம் வேணும். எத்தனை நாற்காலி இருக்கு?"

"ஆறு."

"பால் வாளியைக் கவுத்துப் போடு."

மறுநாள் சாயங்காலம் ஊரே திரண்டு வந்துவிட்டது. வாசலில் பனிச் செருப்புகள் குவிந்தன. சண்டை பார்க்க வந்தாலும் எல்க் ஹாலோ ஜனம் கையை வீசிக்கொண்டு வராது. உருளைக்கிழங்கு போட்ட கறிக் கலவையும், தட்டுத் தட்டாக இனிப்பும் வந்து இறங்கின. போன ஏப்ரலில், பள்ளிக்கூடத்துக்காக நிலவரியை ஏற்றலாமா என்று ஊர் ஓட்டுப் போட்டபோது, லோரெட்டாவோடு வீடு வீடாக ஏறி இறங்கிய சிநேகிதி பெவ்தான் எலுமிச்சை இனிப்போடு முதலில் வந்து முன்வரிசை வாளியைப் பிடித்தாள்.

கூட்டம் தொடங்க கொடி வணக்கம் வேண்டும். கொடி ஏது? ஃபிரிட்ஜ் கதவில் அன்னிகா பள்ளிக்கூடத்தில் வரைந்த கொடி ஒட்டியிருந்தது. நட்சத்திரம் பாதிக்கு மேல் காணோம். இருந்தாலும் எல்லாரும் அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்கள், டுவெய்ன் உட்பட.

"மாநில அரசு பொதுப் பள்ளிகளுக்குப் போதிய நிதி ஒதுக்கக் கோரும் தீர்மானம்" என்றாள் லோரெட்டா. "யார் பேசுறீங்க?"

"எதிர்க்கிறேன்" என்றார் டுவெய்ன். "எங்க அப்பன் காலத்துல தலைநகர் மேடிசனுக்குப் போய் எவனும் கையேந்தினதில்ல."

"திரு. ஆர்னி நைகார்ட், நீங்க என்ன சொல்றீங்க?" வீட்டில்தான் நீ. கூட்டத்தில் நீங்க.

ஆர்னி தரையைப் பார்த்தான். "பரவாயில்ல."

அந்த ஊர் அப்படி. மாட்டுக் கொட்டகை பற்றி எரியும்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் "பரவாயில்ல" என்பார்கள். லோரெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பரவாயில்லையாம்ல! ஏப்ரல்ல வாசல் வாசலா நின்னு கெஞ்சினேன். எல்லாரும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுனீங்க. பெட்டியைத் திறந்தா 'வேண்டாம்'! எந்தப் பாவி அப்படிப் போட்டானோ, அவன் வீட்டுப் பால் திரிஞ்சு போக!"

"நம்ம வீட்டுப் பால்தான் லோரி" என்றான் ஆர்னி.

அடுப்படியில் ஸ்பூன் சத்தம் நின்றது.

"நான்தான் வேண்டாம்னு போட்டேன். பால் விலை விழுந்து கிடக்கு. நிலவரி ஏறினா மாட்டை விக்கணும். மாட்டை வித்தா அப்புறம் பண்ணை ஏது? பிள்ளைக்குப் பள்ளிக்கூடமா, இருக்க வீடான்னு ஓட்டுப் போடுற தடுப்புக்குள்ள நின்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" திருவும் போய்விட்டது, நீங்களும் போய்விட்டது.

"அப்பல்லாம் நீ தினமும் சாப்பிடும்போது, வேண்டாம்னு போட்டவன் விளங்கவே மாட்டான்னு மண்ணை வாரித் தூத்துவே. நான் சோத்தை முழுங்குவேனா, இதைச் சொல்வேனா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். லோரெட்டா சிரிக்கவில்லை. அவனைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது அவளுக்கு.

"லோரி" என்று முன்வரிசையில் ஒரு சன்னக் குரல். பெவ். "நானும்தான்."

"என்கூடவே அலைஞ்சியேடி!"

"காலையில உன்கூட அலைஞ்சேன். சாயங்காலம் வேண்டாம்னு போட்டேன். அந்த வாரம்தான் பாலாடைக்கட்டி ஆலையில அவருக்கு வேலை போச்சு. யார்கிட்டச் சொல்றது?"

பின்னால் ஒரு கை உயர்ந்தது. அப்புறம் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற டோரிஸே, தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டவள், கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினாள். லோரெட்டாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வாசலிலும் நின்று பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாளே தவிர, உங்கள் வீட்டு நிலைமை என்ன என்று ஒரு வாசலிலாவது கேட்டாளா?

டுவெய்ன் தொண்டையைச் செருமினார். "திருத்தம் ஒண்ணு கொண்டு வர்றேன். இந்தத் தீர்மானத்துல 'போதிய நிதி', 'வருங்காலத் தூண்கள்'னு என்னென்னவோ இருக்கு. இதுல கையெழுத்துப் போட எனக்குக் கூசுது. எங்களால முடியலைன்னு எழுது. நானும் வேண்டாம்னுதான் போட்டேன். கொள்கைன்னு ஊருக்குச் சொன்னேன். கொள்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கையில இல்ல, அவ்வளவுதான்."

ஷெர்ரி எழுதினாள். ஓட்டுக்கு விடுமுன் தலைவி வாசிக்க வேண்டும்.

"எல்க் ஹாலோ மக்களாகிய எங்களுக்கு எங்கள் பள்ளிக்கூடம் வேண்டும். அதை நாங்கள் மட்டுமே தாங்கிப் பிடிக்க எங்களால்..."

அதற்கு மேல் வரவில்லை. அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. ஆர்னி எழுந்து வந்து, தாளை அவள் கையிலிருந்து வாங்கி, "முடியவில்லை" என்று வாசித்து முடித்தான். மூன்று கைகளும் உயர்ந்தன.

மறுநாள் மதியம் லோரெட்டாவுக்கு ஒரு போன். பக்கத்து ஊர் போர்டுத் தலைவர். போன மாதமே தீர்மானம் போட்டு, பேப்பரில் போட்டோ வந்தவர். கொஞ்ச நேரம் பனியைப் பற்றிப் பேசினார், பால் விலையைப் பற்றிப் பேசினார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"லோரெட்டா, உங்க தீர்மானத்துல கடைசியா ஒரு வரி இருக்காமே. அதைக் கொஞ்சம் வாசிங்க, எழுதிக்கிறேன். நாங்களும் திரும்பக் கூட்டம் போடப் போறோம்."

இந்தத் தடவை லோரெட்டா முழுசாக வாசித்தாள். மாதம் முடியுமுன் எம்.எல்.ஏ. மேசையில் ஏழு தீர்மானங்கள் இருந்தன. ஏழிலும் கடைசி வரி ஒன்றே.