பேட்டரித் தண்ணீரில் கழுவிய சிரிப்பு

எபினேசர் தும்மிய தும்மல் இசைத்தட்டில் ஏறியிருக்கிறது, அதுவும் தாளம் தப்பாமல். சங்கரன்கோவிலில் இதை அவர் சொல்லாத டீக்கடை இல்லை.

"ரெக்கார்டு பண்ண வந்த மெட்ராஸ்காரன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டான்வே! அதைப் பார்த்து சலோமி சிரிச்சா பாரும், அதுவும் தட்டுல இருக்கு."

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் சபைப் பாடகர் குழு போட்ட தட்டு அது. மனைவி சலோமி இறந்து ஒரு வருடம் ஆகிறது. செல்போன் வீடியோக்களில் அவள் இருமலும் ஜெபமும் இருந்தன. சிரிப்பு இல்லை.

"எங்க தங்கச்சி உம்ம பக்கத்துல நின்னு சிரிச்சாளாக்கும்!" என்பார் அவள் அண்ணன் தங்கப்பழம். "உமக்கு வாக்கப்பட்டு அவ என்னைக்கு மாப்ள சிரிச்சா?"

ஒருநாள் தங்கப்பழமே தன் தறிக்கூடப் பரணிலிருந்து அந்தத் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தாரும். சிரிப்பைக் காட்டும், பாப்போம்."

தட்டின் வரிகளில் தறிப் பஞ்சும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக் கிடந்தன. ரெக்கார்டு பிளேயர் முள்ளை வைத்தால் பாடகர் குழு மொத்தமும் அப்பளம் பொரித்தது.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எபினேசர். முதலில் மூன்று கழிசல் தட்டுகளைப் பலி கொடுத்தார். சோப்பும் குழாய்த் தண்ணீரும் போட்டதில் வரிக்குள் உப்புப் பூத்தது. பாத்தி கட்டி அள்ளியிருக்கலாம். ஃபெவிகால் பூசி உரித்தது பாம்புச் சட்டையாக வந்து பாதியில் அறுந்தது. ஸ்பிரிட் தொட்டது அரக்கில் செய்த பழங்காலத் தட்டை. அது கறுப்பு அல்வாவாக இளகிவிட்டது.

கடைசியில் உப்பில்லாத, காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர், அதில் ஒரு சொட்டு ஷாம்பு. நடுவில் ஒட்டிய பேப்பர் நனையாமல், மெத்தென்ற பிரஷ்ஷால், வரி போன போக்கிலேயே வட்டமாகத் தேய்த்தார்.

"ஏன் மாப்ள இம்புட்டு மெதுவா?" என்றார் தங்கப்பழம்.

"ஒத்தத் தட்டுல்லா மச்சான்."

வெறும் பேட்டரித் தண்ணீரில் அலசி, காற்றில் காயவைத்து, முள்ளை இறக்கினார்.

மூன்றாம் சரணத்தில் ஒரு தும்மல், தாளத்துக்குக் கொஞ்சம் முந்தி. அதன் பின்னாலேயே அடக்கமாட்டாமல் வெடித்த ஒரு பெண்ணின் சிரிப்பு. இருவருக்கும் ஆள் தெரிந்தது.

"கேட்டீரா! கேட்டீரா வே!" எபினேசர் துள்ளித் துள்ளி மறுபடி மறுபடி முள்ளை வைத்தார். ஏழாவது தடவை கை நின்றுவிட்டது. இதே சிரிப்பைத் தன் வீட்டில் எந்த நாளில் கேட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தார். அகப்படவில்லை.

தங்கப்பழம் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"சிரிச்சிருக்கா மாப்ள. ஒத்துக்கிடுதேன். அப்ப அவ உம்மைக் கட்டிக்கிடலல்லா."