சோசா பந்தை வைத்துக்கொண்ட ஞாயிறு

1

இந்தக் கதையைச் சொன்னவள் என் மனைவி ஐரீஸ். மான்டிவிடியோவில், எங்கள் சமையலறையில், மாத்தே என்ற இலைத்தேநீர் குடிக்கத் தண்ணீர் வைத்தபடி சொன்னாள். முடிவு வரும் நேரத்தில் தண்ணீர் கொதித்துவிட்டது. கொதித்த தண்ணீர் மாத்தேக்கு ஆகாது. கொட்டிவிட்டு வேறு வைத்தாள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. முடிவை இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஐரீஸ் இறந்தபின் இது இரண்டாவது குளிர்காலம்.

2

ஐம்பதுகளின் தலைசிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் லிபோரியோ சோசா – (வேண்டாம். இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது.)

ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி புல்லின்மேல் படுத்திருக்க, சோசா – (அழகுதான். ஆனால் அவர் என்ன செய்கிறார்?)

நேராகவே சொல்கிறேன். துறைமுகப் பக்கத்துச் சிறிய கால்பந்து அணியில் இளமை முழுவதும் ஆடினார் சோசா. பந்து காலுக்கு வந்த கணமே அடுத்தவனிடம் போயிருக்கும். கோல் அடித்தவனைத் தோளில் தூக்குவார்கள். சோசா குனிந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வார்.

3

அவர் மனைவி தெல்மிரா நெஞ்சுநோயில் படுத்திருந்தாள். ஞாயிறுதோறும் கட்டிலருகே வானொலி. இருட்டில் அதன் முகப்பு விளக்கு, ஒரு பச்சைக் கண், மட்டும் எரியும்.

"நெசமாவே நீ ஆடப்போறியா, இல்ல வேற எங்கயாவது போறியா?"

"ஏன்?"

"ரேடியோவுல உன் பேரே வரலையே. பந்து பொறுக்கிப் போடுற பையன் பேரக்கூட சொல்றாரு."

"அவரு வாயத் தொறக்குறதுக்குள்ள பந்து போயிடுது. நான் என்ன பண்ண?"

"இந்த ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வச்சுக்கோயேன், லிபோ. கேக்கணும்போல இருக்கு."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மருத்துவர் முந்தின நாள் சோசாவை வாசலுக்கு அழைத்துச் சொன்னது அவளுக்குத் தெரியாது. (தெரியும் என்று நினைக்கிறேன்.)

4

தெல்மிரா அருகில் இருக்க எர்மிந்தா என்ற அண்டைவீட்டுக்காரியை உண்டாக்கினேன். ஐரீஸ் சொன்ன கதையில் அவள் இல்லை. தனியாக விட மனமில்லாமல் வைத்தேன். இப்போது அவள்மேல் சந்தேகமாக இருக்கிறது. எல்லாம் பார்த்தவள் ஒருத்தி இருந்தால் முடிவையும் சொல்லிவிடுவாள். அவளை ரொட்டி வாங்க அனுப்பிவிடுகிறேன்.

5

அந்த ஞாயிறு சமன் செய்தாலே போதும். தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கும்.

கடைசி நிமிடங்கள். கோல் எதுவும் விழவில்லை. பந்து சோசாவிடம் வந்தது. அவர் விடவில்லை.

உருட்டினார். நிறுத்தினார். திரும்பி மறுபடி உருட்டினார். அவர் காலில் பந்து அவ்வளவு நேரம் இருந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னய்யா, அடைகாக்கிறியா? தள்ளி விடு" என்றான் அணித்தலைவன் பருசோ.

சோசாவுக்கு அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. மேலே வானொலிக் கூண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அறிவிப்பாளரின் உதடுகள். சோசா, அவை சொல்லின. சோசா. இன்னும் சோசாதான். மூடுபனியில் ஆட்கள் கரைந்தார்கள். பந்து, உதடுகள், எங்கோ ஒரு பச்சைக் கண்.

பிறகு எதிரணியில் யாரோ ஒருவனின் கால். பந்து போயிற்று. கோல்.

பருசோ அவரிடம் வந்தான். "எதுக்குய்யா?"

"சும்மாதான்" என்றார் சோசா.

அதற்குப் பின் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை.

6

குளிக்காமல், காலணிகூட மாற்றாமல் வீட்டுக்கு நடந்தார். வழியெங்கும் ஜன்னல்களில் வானொலிகள் அவரைத் திட்டின. சோசா, சோசா. தெரு முழுவதும் அவர் பெயர்.

ஒரு முடிவு: தெல்மிரா தலையணையில் சாய்ந்திருக்கிறாள். "போதும்யா, காது வலிக்குது" என்கிறாள்.

இன்னொரு முடிவு: வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. கட்டிலில் – (அந்த அறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.)

சோசா வாசலில் நிற்கிறார். உள்ளே வானொலியில் அவர் பெயர் கேட்கிறது. வேறு சத்தம் இல்லை. கதவு சாத்தித்தான் இருக்கிறது, பூட்டவில்லை.

நீங்கள் போய்ப் பாருங்கள். நான் இவரோடு இங்கே நிற்கிறேன்.