காதுகுத்து பேனர்

ஓவியக் கல்லூரிக்குப் போவேன் என்று அழுத பவதாரணியை இன்ஜினியரிங்கில் தள்ளிவிட்டார்கள். படித்து முடித்து, சென்னையில் கண்டுபிடிப்புகளுக்கு உரிமை வாங்கித்தரும் பேடன்ட் அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் அவள் கைக்கு மரியாதை வந்தது. கண்டுபிடித்தவர் உளறிக்கொட்டுவதைக் கேட்டுக்கொண்டே இயந்திரத்தின் உள்வயிற்றைத் தாளில் திறந்து காட்டிவிடுவாள். பரீட்சை எழுதி பேடன்ட் ஏஜென்ட்டும் ஆனாள். படம் சோறு போடுமா என்று கேட்ட வாய்கள் கப்சிப்.

அண்ணன் சோலைமலைக்கு குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் காய் உலர்த்தும் வேலை. பாதி விறகிலேயே பச்சை மாறாமல் காயவைக்கும் அடுப்பு ஒன்றை வருடக்கணக்கில் மல்லுக்கட்டி உருவாக்கியிருந்தான். அதற்குப் பேடன்ட் உரிமை கிடைத்தால் முதலாளி முன் கைகட்டி நிற்க வேண்டாம். பவதாரணி அதை வரைந்து, சரிபார்க்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். விண்ணப்பிக்கும்வரை யாரிடமும் காட்டாதே என்றும் சொல்லியிருந்தாள்.

அண்ணன் மகளின் காதுகுத்துக்காகப் பவதாரணி போடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். எதிரே ஆளுயர பேனர். காது குத்தவேண்டிய பிள்ளை மூலையில் கிடந்தது. நடுவில் அவள் வரைந்த அடுப்பு, காற்று திரும்பும் வழிகூட அம்புக்குறியோடு. பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட அண்ணன், ‘எங்கள் விஞ்ஞானி’. வைத்து இரண்டு வாரமாம். விண்ணப்பத்துக்கு முன்பே ஊர் பார்த்த பொருளைச் சட்டம் புதிது என்று ஒப்புக்கொள்ளாது. ஆத்திரத்தோடு மண்டபத்துக்குப் போய் அண்ணனைப் பிடித்தாள்.

"யார்ட்டயும் காட்டாதன்னு சொன்னேன்ல, அண்ணே?"

"வெளியாளுக்கா காட்டுனேன்? நம்ம வீட்டு விசேசம், நம்ம சொந்தபந்தம்."

அந்தச் சொந்தபந்தத்திலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தங்கபாண்டி அவளைத் தேடி வந்தான்.

"படம் அம்புட்டுத் தெளிவு, ஆத்தா. ஒருத்தரையும் கேக்கல. அதப் பாத்தே தேவாரம் ஊர்க்காரருக்கு அடுப்பு ஒண்ணு அடிச்சுக் குடுத்துட்டேன்."

சோலைமலை பெருமையாகச் சிரித்தான். பேனர் விஷயத்தை மறைத்து விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? அண்ணனைத் தனியே அழைத்துப்போய், பேனரில் வந்துவிட்டதால் இனி உரிமை கிடைக்காது, எல்லாம் போய்விட்டது என்று சொன்னாள்.

உள்ளே பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நீ கொஞ்சம் அசிங்கமா வரைஞ்சிருந்தா, நான் பேனர்ல போட்டுருக்கவே மாட்டேன், தாயி."