பெறுநர் கையெழுத்து

அப்பாவின் பைனாகுலரைத் தம்பிக்குப் பார்சலில் அனுப்பியது அக்காதான். துறைமுகக் கண்காணிப்புக் கோபுரத்தில் முப்பது வருடம் அவர் கழுத்தில் தொங்கிய சாமான் அது. கடைசி வாரத்தில், வாய் குழறிய நிலையிலும், "அதச் சின்னவன்கிட்ட குடுத்துடு" என்று இரண்டு முறை சொன்னார்.

சின்னவன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவனை அப்பா வாய்க்கு வந்தபடி பேசினார். அவனும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். சாவுக்குக்கூட வரவில்லை. "லீவு கிடைக்கலக்கா" என்றான் போனில். அவள் போனை வைத்துவிட்டாள். மூன்று வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டவள் அவள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை வேலை. பகலெல்லாம் ஊரார் படுக்கை விரிப்புகளை எண்ணிவிட்டு, வீட்டுக்கு வந்து அப்பாவின் விரிப்பை மாற்றுவாள்.

ஆனாலும் சொன்னதைச் செய்தாக வேண்டுமே. இரண்டு பழைய துண்டுகளில் பைனாகுலரைச் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டி, பார்சல் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். கவுண்டரில் இருந்த பெண் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள்.

"கண்ணாடிச் சாமானா? இன்ஷூர் பண்ணிடுங்கக்கா. அப்புறம் எங்களத் திட்டிப் பிரயோஜனமில்ல."

அவளும் இன்ஷூர் செய்தாள்.

பத்து நாள் கழித்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

"பார்சல் வந்துச்சா?"

"இல்லியேக்கா."

இரண்டு நாள் விட்டு மறுபடி கூப்பிட்டாள். வரவில்லை. சலவைக்கூடத்தில் மதிய இடைவேளையில், உலர்த்தும் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திக் கேட்பாள். அவன் ஒவ்வொரு முறையும், "இன்னும் வரலக்கா. நீ சாப்டியா?" என்பான். பார்சலைத் தவிர வேறு எதையும் பேச அவளுக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் சில நாள் பத்து நிமிடம்கூடப் பேச்சு நீண்டது. அவன் இருக்கும் அறையில் மழை ஒழுகுகிறது, கிடங்கு வேலையில் முதுகு போய்விட்டது என்பதெல்லாம் அப்படித்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

ஒரு மாதம் ஆனதும் பார்சல் அலுவலகத்தின் நஷ்டஈட்டுப் பிரிவுக்குப் போனாள். பணம் அவளுக்குப் பெரிதில்லை. சும்மா விட்டுவிட்டால் அப்பாவின் கடைசிப் பேச்சைத் தானே தொலைத்த மாதிரி ஆகிவிடும் என்று பட்டது.

அந்தப் பிரிவில் இருந்தவரை எல்லோரும் முத்திரை சார் என்றார்கள். எந்தக் காகிதம் வந்தாலும் மூன்று இடத்தில் குத்தினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ரசீதுக்குக் குத்தினார், விண்ணப்பத்துக்குக் குத்தினார். "பொருளோட போட்டோ?" என்றார். பைனாகுலர் தெரிகிற படம் அவளிடம் ஒன்றே ஒன்றுதான். கோபுரத்துப் படிக்கட்டில் அப்பா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"ஆள் வேணாம்மா, சாமான் மட்டும் போதும்" என்றார் அவர்.

அவள் வெளியே போய், படத்தை அப்பாவின் கழுத்தோடு வெட்டிப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பார்சல் தனக்கு வந்து சேரவில்லை என்று பெறுநர் தன் கையால் எழுதி அனுப்ப வேண்டும். தம்பி இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் இழுத்தான். கடைசியில் ஒரு வரிக் கடிதம் வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விசாரணை முடிந்து முத்திரை சார் அவளைக் கூப்பிட்டபோது, அவர் மேசையில் இரண்டு காகிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

"உங்க பார்சல் ஒன்பதாம் நாளே டெலிவரி ஆயிருக்கும்மா. கையெழுத்து இருக்கு. ஆனா உங்க தம்பி லெட்டர்ல இருக்கற கையெழுத்து வேற, இது வேற. யாரோ வாங்கிட்டுப் போயிருக்கான். ஆள் யாருன்னு பாக்காம குடுத்தது தபால்காரர் தப்பு. உங்களுக்கு முழுத்தொகையும் வந்துடும், கவலப்படாதீங்க."

"அவர என்ன பண்ணுவீங்க?"

"சஸ்பெண்டுதான். பதினெட்டு வருஷ சர்வீஸ். பொறுப்பு வேணாமா?"

அவள் டெலிவரிச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். முதல் எழுத்து வளைந்து வளைந்து இருந்தது. கடைசி எழுத்தின் வால் நீண்டு, அடியில் இரண்டு கோடு. பள்ளிக்கூடத்து மதிப்பெண் அட்டைகளில், கணக்கில் கோட்டை விட்ட ஒவ்வொரு முறையும், தம்பி அவளை வாசலில் காவல் நிற்க வைத்துவிட்டு இதைத்தான் போடுவான். அசலையும் போலியையும் வாத்தியாராலேயே பிரிக்க முடியாது.

"இது எங்கப்பா கையெழுத்து சார்."

"அப்பா காலமாயிட்டார்னு எழுதியிருக்கீங்களே?"

"ஆமா. இதப் போட்டது என் தம்பி. பார்சல் அவன்கிட்டதான் இருக்கு."

முத்திரை சார் கண்ணாடியைக் கழற்றினார். தெரிந்தே பொய் எழுதிக் கொடுத்தால் வழக்கு வரை போகும் என்பது அவளுக்கும் தெரியும். அவர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"பொருள் கிடைச்சிடுச்சு, கோரிக்கைய வாபஸ் வாங்கறேன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்."

எழுதினாள். அதில் அவர் ஒரே ஒரு முத்திரைதான் குத்தினார்.

அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தே தம்பியைக் கூப்பிட்டாள். "ஏன்டா இப்படிப் பண்ணே? அந்தத் தபால்காரருக்கு வேலையே போயிருக்கும்" என்றாள்.

"அப்பா சாமானு. கையில பேனாவக் குடுத்ததும் அவர் கையெழுத்துதான் வந்துச்சுக்கா."

"அது போகட்டும். வரலன்னு ஏன் சொன்னே?"

"வந்துடுச்சுன்னு சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் நீ கூப்பிட்டிருப்பியா?"

கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கூப்பிட்டிருக்க மாட்டாள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று தலைமுழுகியிருப்பாள். அந்தக் கணக்கோடுதான் பெட்டியையே ஒட்டினாள்.

"பெட்டியப் பிரிச்சியா?"

"இல்ல."

"பிரி."

நாடாவைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. துண்டை உதறுவது கேட்டது. பிறகு அவன் மூச்சு மட்டும்.

"ஒரு பக்கக் கண்ணாடி ரெண்டா விரிசல் விட்டிருக்குக்கா. நான்தான் லேட் பண்ணிட்டேன். இப்ப நஷ்டஈடு கேட்டா குடுக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. ஏழு நாளுக்குள்ள சொல்லியிருக்கணும்."

"அவர் கடைசில என்னப் பத்திக் கேட்டாராக்கா?"

சின்னவனிடம் கொடுத்துவிடு என்று அப்பா சொன்னதை அவள் சொன்னாள். இரண்டு முறை சொன்னார் என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் அழத் தொடங்கினான். சின்ன வயதில் அழுத மாதிரியே, வாயை மூடிக்கொண்டு, மூக்கால். சாவு வீட்டில் அவன் இல்லாததற்காக இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு, சுவர் ஓரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

மறுவாரம் இடைவேளையில் அவளாகவே கூப்பிட்டாள். இப்போது பேசுவதற்குப் பார்சல் இல்லை. இரண்டு பேரும் தடுமாறினார்கள். கூரை ஒழுகுவது நின்றதா என்று கேட்டாள். நிற்கவில்லை, வாளி வைத்திருக்கிறேன் என்றான். அப்புறம் ஏதும் பேசத் தோன்றாமல், இயந்திரங்களின் இரைச்சலில், இருவருமே போனை வைக்காமல் இருந்தார்கள்.