ஹார்ல்பி ஓடுபாதையில் இரண்டு பெட்டிகள்

காலையில் வாட்டிய ரொட்டியை மென்றுகொண்டே ஃபோனைப் பார்த்தபோதுதான் என் மானம் கப்பலேறிய செய்தியைப் படித்தேன். நாட்டிங்காமிலிருந்து வந்த ஒரு தம்பதி, முந்தின நாள் ஹார்ல்பி பழைய விமானத் தளத்துக்குப் போய்விட்டு, ஊரே பார்க்கும்படி இணையத்தில் எழுதியிருந்தார்கள். "இங்கே ஒன்றல்ல, இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. கல்லுக்கு அடியில் பச்சை நாடா சுற்றிக் கிடப்பது யாரோ கொண்டுவந்து போட்டது. அசல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் தேடி எடுத்தோம். அதன் நோட்டில் முதல் பக்கம், கிளெம் என்பவருக்கு எழுதிய கடிதம். முதல் வரியோடு நிறுத்திவிட்டோம். கிளெம், நீங்கள் யாராக இருந்தாலும் தயவுசெய்து போய்ப் படியுங்கள்." கிளெம் நான்தான். பச்சை நாடாவும் என்னுடையதுதான்.

ஜியோகேஷ் என்கிற இந்த விளையாட்டில் விதிகள் அதிகமில்லை. ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்கு வந்து 'கண்டுபிடித்தேன்' என்று பதிவு போடலாம். கிடைக்கவில்லையென்றால் 'கிடைக்கவில்லை' என்று போடவேண்டும். அந்த இரண்டாவதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இத்தனைக்கும் முப்பத்தொரு வருடம் கார் ஓட்டுநர் தேர்வு அதிகாரியாக இருந்தவன் நான். கண்ணாடியைப் பார்க்கவில்லை என்று எங்கள் பாதிரியாரையே இரண்டு முறை ஃபெயிலாக்கியிருக்கிறேன். அழுதவர்கள் உண்டு, கெஞ்சியவர்கள் உண்டு. நான் மசிந்ததில்லை.

அந்தப் பெட்டியை ஒளித்தவள் ஏவ்ரில். ஹார்ல்பியில் விமான சாகசக் காட்சி நடந்த காலத்தில், காணாமல்போன பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் கொட்டகை அவள் பொறுப்பில் இருந்தது. நாங்கள் உள்ளூர்க்காரர்கள் யாரும் டிக்கெட் வாங்கியதில்லை. பறக்கிற விமானத்துக்கு வேலி ஏது? சாலையோரம் வண்டியை ஒதுக்கிவிட்டு, வயல் பக்கமாக நின்று சாண்ட்விச் தின்றுகொண்டே அண்ணாந்து பார்ப்போம். காட்சி நின்று பதினான்கு வருடமாகிறது. ஓடுபாதையில் பாதியை உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். மீதியில் கோழிக் கொட்டகைகள் நிற்கின்றன. ஏவ்ரிலின் கணவர் எட்டு வருடத்துக்கு முன் இறந்தார். என் மனைவி அதற்கும் முன்பே போர்ச்சுகலுக்கு, வேறொருவரோடு, போய்விட்டாள். மூன்று வருடமாக வியாழக்கிழமைதோறும் ஏவ்ரிலும் நானும் சேர்ந்து பெட்டி தேடிக்கொண்டிருந்தோம். அந்த வியாழக்கிழமைகளுக்காகத்தான் மற்ற ஆறு நாளும் எனக்கு ஓடியது.

மே மாதத்தில் ஒரு நாள், ஹார்ல்பியில் ஒன்று ஒளித்திருப்பதாகச் சொன்னாள். "இதை மொதல்ல நீதான் எடுக்கணும் கிளெம். வேற எவனும் முந்திடக் கூடாது" என்றாள். நான் அதைப் பந்தயம் என்று எடுத்துக்கொண்டேன். நான்கு முறை போனேன். செடிவேலியில் தலையை நுழைத்தேன், பழைய விளக்குக் கம்பங்களைத் தட்டிப்பார்த்தேன், காஞ்சொறியில் விழுந்து முழங்கை வரை தடித்தது. பெட்டி கிடைக்கவில்லை. பக்கத்து ஊரான பாஸ்டனில் ஒருவன் இருக்கிறான், எதையும் முதலில் எடுப்பவன். அவன் வந்துவிடுவானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ஐந்தாம் முறை ஒரு மாத்திரை டப்பாவில் காகிதச் சுருளைப் போட்டு, பச்சை நாடா சுற்றி, கல்லுக்கு அடியில் வைத்து, அதிலேயே கையெழுத்தும் போட்டேன். வீட்டுக்கு வந்து, "கண்டுபிடித்தேன். நல்ல இடம். நன்றி, ஏவ்ரில்" என்று பதிவு போட்டேன். அதற்குப் பிறகு ஒன்பது பேர் என் டப்பாவை எடுத்து, சுலபமாக இருந்தது என்று அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

ஏவ்ரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில் தலைவலி என்றாள், தோட்டத்தில் வேலை என்றாள். ஜூலையில், வீட்டை விற்றுவிட்டு நாட்டின் மறுகோடியில் ட்ரூரோவில் இருக்கும் மகளிடம் போகப்போவதாகச் சொன்னாள். என் குட்டு உடைந்துவிட்டது, அதனால்தான் என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்து, "நல்லதுதான். அங்க வெயிலாவது அடிக்கும்" என்றேன். அவள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். வரும் வெள்ளிக்கிழமை விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து. நாட்டிங்காம்காரர்கள் எழுதியதை நான் படித்தது புதன்கிழமை. பெட்டியின் சொந்தக்காரி என்பதால் அவளுக்கும் அது போயிருக்கும்.

நான் ஹார்ல்பி போய்ச் சேர்ந்தபோது அவள் கார் அங்கே நின்றிருந்தது. அவள் அதில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வா. கண்ணாடியப் பாத்து ஓட்டினியா?"

"ஏவ்ரில், நான் ஒண்ணு சொல்லணும்."

"பச்சை டேப்பு தானே? பாத்துட்டேன். ரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பா. லேபிளக்கூட ஒழுங்கா கிழிக்கல நீ."

"நாலு தடவ வந்தேன். கெடைக்கல. வேற யாராவது எடுத்துட்டா ஏமாத்தமா இருக்குமேன்னு..."

"யாருக்கு? எனக்கா?"

"எனக்குத்தான்" என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் இளகியது, உடனே இறுகிக்கொண்டது. "பத்து வாரம், கிளெம். 'நல்ல இடம். நன்றி.' பத்து வாரமா இதையே படிச்சிட்டிருந்தேன். நான் கேட்டதுக்கு இதான் பதில்னு நெனச்சு. எவ்ளோ நாசூக்கா வேண்டாம்னு சொல்றான் பாருன்னு."

"நீ என்ன கேட்டேன்னே எனக்குத் தெரியாதே!"

"அது இன்னிக்கித்தானே தெரியுது."

"நீ ஒரு நடை வந்து நோட்டத் தெறந்து பாத்திருக்கலாமே?"

"எதுக்கு? வேண்டாம்னு உன் கையெழுத்துல வேற படிக்கணுமா?"

அவள் என்ன கேட்டிருப்பாள் என்று பாதி புரிந்துவிட்டது. "இப்பவே பதில் சொல்லிடறேனே" என்றேன்.

"படிக்காமலேயா? கண்டுபிடிக்காமலேயே கண்டுபிடிச்ச மாதிரியா? போ. போய்த் தேடு. நான் காட்ட மாட்டேன்."

"வெள்ளிக்கிழமை நீ கையெழுத்துப் போடணும்."

"அப்ப சீக்கிரம் தேடு."

தேடினேன். அறுபத்தாறு வயதில் முழங்காலில் நடப்பது பார்க்கிறவர்களுக்குத்தான் வேடிக்கை. கல்லைப் புரட்டினேன், கம்பங்களை மறுபடி தட்டினேன், செடிவேலிக்குள் நுழைந்து சட்டையைக் கிழித்துக்கொண்டேன். டிராக்டரில் போன எங்கள் ஊர் டெனிஸ் வேகத்தைக் குறைத்து, "எதத் தொலச்ச கிளெம்?" என்று கத்தினான். நான் வாயைத் திறக்கும் முன், "மூளையத்தான்!" என்று ஏவ்ரில் பதில் கொடுத்தாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளும் சிரித்தாள். மே மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இப்படியே சாயங்காலம் வரை தேடிக்கொண்டிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது.

முக்கால் மணி நேரம் கழித்து மூச்சு வாங்க நின்றேன். அவளுக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்க்காமல், வயலைப் பார்த்துச் சொன்னாள்.

"இருபத்திரண்டு வருஷம் அந்தக் கொட்டகையில இருந்தேன். தொலஞ்ச பிள்ளைங்க ஒண்ணுகூட தூரமாப் போனதில்ல. விட்ட எடத்துலயேதான் நிக்கும். பெத்தவங்கதான் மேல பாத்துக்கிட்டே நடந்து போயிருப்பாங்க."

நான் எங்கிருந்து நடக்க ஆரம்பித்தேன் என்று யோசித்தேன். காரைவிட்டு இறங்கியதும், ஐந்து முறையும், வயலின் இரும்புக் குழாய்க் கதவில் கையை ஊன்றிக்கொண்டுதான் ஃபோனைப் பார்த்திருக்கிறேன். போய் அதே இடத்தில் கையை வைத்தேன். உள்ளங்கைக்குக் கீழே குழாயின் முனை. அதன் கறுப்பு ரப்பர் மூடி மற்ற முனைகளில் இருந்ததைவிடப் புதிதாக இருந்தது. இழுத்தேன். நூலில் கட்டிய ஒரு சின்ன உலோகச் சிமிழ் வெளியே வந்தது. ஊரையே 'நல்லாப் பார்த்தியா?' என்று மிரட்டிய நான், அதன்மேல் கை வைத்துக்கொண்டே அதைத் தேடியிருக்கிறேன்.

மூடியைத் திருகித் திறந்து, சுருட்டிய நோட்டை எடுத்தேன். நாட்டிங்காம் தம்பதி கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில், எறும்பு எழுத்தில், பெயர் எழுதியிருந்தார்கள். நடுவில் எல்லாப் பக்கமும் காலி. முதல் பக்கத்தில் ஏவ்ரிலின் சாய்ந்த எழுத்து:

"கிளெம், என் மகள் ட்ரூரோவுக்குக் கூப்பிடுகிறாள். எனக்குப் போக விருப்பமில்லை. நீயும் நானும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன? என் வீட்டுக்கு நல்ல வெளிச்சம், உன் வீட்டில் குளிருக்கு நல்ல பாய்லர். எதுவானாலும் எனக்குச் சம்மதம். பதிலை இதிலேயே எழுதிவிடு. முகத்துக்கு நேரே சொல்லாதே, வேண்டாம் என்றால் என்னால் தாங்க முடியாது. ஏ."

இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை எழுத்து கலங்கித் தெரிந்தது. ட்ரூரோவில் வெயிலடிக்கும் என்று சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தாள்.

பேனாவை எடுத்தேன். முப்பத்தொரு வருடம் படிவம் நிரப்பிய கை, அதனால் அந்தப் பாஷைதான் வந்தது. "கவனக்குறைவு: பெரிய தவறு, ஒன்று. பொய்ப் பதிவு: பெரிய தவறு, ஒன்று. மறுதேர்வுக்கு அனுமதி கேட்கிறேன். பதில்: ஆமாம். எந்த வீடானாலும்." அடியில் கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினேன்.

"எழுதிட்டியா?" என்றாள், திரும்பாமல்.

"எழுதிட்டேன்."

"சொல்லாத. மூடி, உள்ள வெச்சிட்டு அந்தப் பக்கம் போ."

வைத்துவிட்டு, உடைந்த ஓடுபாதையின் விளிம்பு வரை நடந்தேன். பார்லி அறுத்துவிட்டிருந்தார்கள், அடிக்கட்டை மட்டும் மஞ்சளாக நின்றது. வானத்தில் ஒன்றுமில்லை. பின்னால் சரளையில் அவள் காலடி கேட்டது, பிறகு சிமிழின் மூடி திருகும் சின்னச் சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தேர்வு முடிந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏன் மூச்சுகூட விடாமல் இருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் காரின் டிக்கி திறந்தது. பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்தேன். ஏவ்ரில் உள்ளேயிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து, வயலைப் பார்த்தபடி விரித்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை எடுக்க மறுபடியும் டிக்கிக்குள் குனிந்தாள்.